மதுவும் கிறிஸ்தவ விசுவாசமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதபாட வகுப்புகளிலும், திருமணத்துக்கு முந்திய ஆலோசனைகளிலும், சில வேளைகளில் கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும் வழியிலும் பல ஆண்டுகளாக என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கூடியவரை கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டுவைத்திருக்கிறேன். மேற்கோள் காட்டும் வசனங்கள் தமிழ் வேதாகமத்தின் பழைய திருப்புதலிலிருந்து எடுக்கப்பட்டவை. நான் மது அருந்துவதில்லை; என் சாய்வு எந்தப் பக்கம் என்பது தெரிந்தால் என் பதில்களை எடைபோட வசதியாக இருக்கும் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கிறிஸ்தவர் குடிக்கலாமா, கூடாதா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

குடிவெறியை வேதாகமம் தெளிவாகவும் திரும்பத் திரும்பவும் பாவம் என்கிறது. மதுவைத் தொடுவதே பாவம் என்று எல்லா விசுவாசிகளுக்குமான கட்டளையாக அது எங்கும் சொல்லவில்லை. இந்த இரண்டு வாக்கியங்களையும் ஏறக்குறைய எல்லாச் சபைகளின் வேத அறிஞர்களும் ஒப்புக்கொள்வார்கள். அவற்றுக்கு இடையே உள்ள வெளியில் என்ன செய்வது என்பதில்தான் சபைகள் பிரிகின்றன. அளவோடு அருந்தலாம் என்பது ஒரு நிலை. அனுமதி இருந்தாலும் விலகியிருப்பதே ஞானம் என்பது இரண்டாவது. முற்றிலும் விலக்கவேண்டியது கட்டாயம் என்பது மூன்றாவது.

நான் இரண்டாவது நிலையில் நிற்கிறேன். ஆனால் அந்த நிலையைக் காப்பதற்காக வசனங்களை வளைக்கவேண்டியதில்லை என்பதும் என் உறுதியான எண்ணம். இந்தப் பக்கத்தின் பாதி அந்த வளைவுகளை நிமிர்த்துவதிலேயே கழிகிறது.

வேதத்தில் வருவது "திராட்சரசம்"தானே? ரசம் என்றால் சாறு. அது எப்படி மதுவாகும்?

நான் மிக அதிகமாகக் கேட்ட கேள்வி இது, தமிழில் வாசிப்பவர்களுக்கு இயல்பாகவே எழக்கூடியதும் கூட. பழைய திருப்புதலில் "திராட்சரசம்" என்றும் "மதுபானம்" என்றும் இரண்டு சொற்கள் வருவதால், நல்லது ஒன்று, கெட்டது ஒன்று என இரண்டு பானங்கள் இருந்தன என்று வாசகர் முடிவு கட்டுகிறார். மூலமொழியில் அந்தப் பிரிவு இல்லை. கானாவூர்க் கல்யாணத்தில் இயேசு தண்ணீரிலிருந்து உண்டாக்கியதற்கும், "மதுபான வெறிகொள்ளாமல்" என்று எபேசியர் 5:18 எச்சரிப்பதற்கும் கிரேக்கத்தில் இருப்பது "ஓயினோஸ்" என்ற ஒரே சொல். முதல் இடத்தில் அதைத் திராட்சரசம் என்றும் இரண்டாவது இடத்தில் மதுபானம் என்றும் மொழிபெயர்ப்பாளர்கள் தமிழாக்கினார்கள். மொழியைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்தத் தேர்வு ஒரு முழு உபதேசத்தையே பெற்றெடுத்துவிட்டது.

தமிழ் வேதாகமத்தை மட்டும் வைத்தே இதைச் சோதிக்கலாம். ஆதியாகமம் 9:21-இல் நோவா "திராட்சரசத்தைக் குடித்து, வெறிகொண்டு" கூடாரத்தில் கிடந்தான்; சாறு யாரையும் அந்த நிலைக்குக் கொண்டுபோகாது. எபிரெயத்தில் "யாயின்" என்பது பொதுவாகத் திராட்சை மதுவையும், "ஷேகார்" என்பது தானியம், பழம் முதலியவற்றிலிருந்து வடித்தெடுக்காமல் புளிக்கவைத்த மற்றப் போதைப் பானங்களையும், "தீரோஷ்" என்பது பெரும்பாலும் புதிதாகப் பிழிந்த அல்லது புதிய மதுவையும் குறிக்கும். ஆகையால் சில இடங்களில் சாறு என்ற பொருளுக்கு இடமுண்டு. எல்லா இடத்திலும் அதையே பொருத்த முடியாது.

காலக்கணக்கும் ஒன்று இருக்கிறது. திராட்சை அறுவடை கோடையின் இறுதியில். இயேசு கடைசிப் பந்தியில் அமர்ந்த பஸ்கா பண்டிகை வசந்த காலத்தில். இடையே அரை ஆண்டுக்கும் மேல். பழத்தோலிலேயே ஈஸ்ட் இருக்கும்போது, குளிர்சாதனமும் நுண்ணுயிர் நீக்கமும் இல்லாத ஒரு காலத்தில், பிழிந்த சாறு அத்தனை மாதம் சாறாகவே இருந்திருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

அப்படியானால் இயேசுவே மது உண்டாக்கினாரா? அவரும் குடித்தாரா?

ஆம் என்பதே நேர்மையான பதில். யோவான் 2-ஆம் அதிகாரத்தில் சொல்லப்படும் ஆறு கற்சாடிகளின் கொள்ளளவைக் கூட்டினால் ஏறக்குறைய 450 முதல் 700 லிட்டர் வரை வரும். பந்திவிசாரிப்புக்காரன் மணவாளனிடம் சொல்லும் வாக்கியத்தில், "ஜனங்கள் திருப்தியடைந்தபின்பு" ருசி குறைந்ததைக் கொடுப்பார்கள் என்று தமிழில் இருக்கிறது. அந்த இடத்தில் உள்ள கிரேக்க வினைச்சொல்லின் நேர்ப்பொருள் "வெறிகொண்டபின்பு" என்பது. அவன் உலக வழக்கத்தைச் சொல்கிறான். அந்த வீட்டில் எல்லோரும் அப்படிக் கிடந்தார்கள் என்று வசனம் சொல்லவில்லை. ஆனாலும் பழச்சாற்றைப் பற்றி யாரும் அப்படிப் பேசமாட்டார்கள்.

லூக்கா 7:33, 34-இல் இயேசு தம்மை யோவான் ஸ்நானனோடு ஒப்பிடுகிறார். யோவான் திராட்சரசம் குடிக்காதவனாய் வந்தான். மனுஷகுமாரன் போஜனபானம்பண்ணுகிறவராய் வந்தார். அவரைப் "போஜனப்பிரியனும் மதுபானப்பிரியனுமான மனுஷன்" என்றார்கள். மதுபானப்பிரியன் என்பது அவதூறு. அவர் அருந்தவே இல்லையென்றால் அந்த அவதூறு பிறக்க வழியில்லை. ஒன்றைக் கவனியுங்கள்: விலகியிருந்த யோவானையும் அருந்திய தம்மையும் ஞானத்தின் பிள்ளைகளாக அவர் ஒரே மூச்சில் வைக்கிறார்.

அந்தக் காலத்து மது தண்ணீர் கலந்தது. இன்றைய விஸ்கி, பிராந்தியோடு அதை ஒப்பிடலாமா?

ஒப்பிடக் கூடாது, இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. கிரேக்க, ரோம உலகில் மதுவைத் தண்ணீர் கலந்து அருந்துவதே நாகரிகம். கத்தோலிக்க வேதாகமத்தில் உள்ள மக்கபேயர் இரண்டாம் நூல், தண்ணீர் கலந்த மதுவே இன்பம் தரும் என்ற உவமையோடுதான் முடிகிறது. இயற்கையாகப் புளிக்கும் மதுவில் ஆல்கஹாலின் அளவு ஏறக்குறைய 15 சதவீதத்தைத் தாண்டுவது அரிது, ஏனெனில் அந்த அளவில் ஈஸ்ட்டே செயலிழந்துவிடும். வடித்தெடுக்கும் மதுவகைகள் ஐரோப்பாவில் 12-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகுதான் பரவின. அவற்றில் 40 சதவீதம் சாதாரணம். ஆகவே கானாவூர்க் கல்யாணத்தைக் காட்டி வடிசாராயத்தை நியாயப்படுத்துகிறவர், வேத ஆசிரியர்கள் கண்டிராத ஒரு பொருளுக்கு அவர்களிடம் சான்றிதழ் கேட்கிறார்.

எனினும் இந்த வாதத்தை அளவுக்கு மீறி நீட்டவும் கூடாது. தண்ணீர் கலந்த மதுவைக் குடித்தும் மனிதர்கள் வெறிகொண்டார்கள். கொரிந்து சபையில் கர்த்தருடைய பந்தியிலேயே "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்" என்று பவுல் கடிந்துகொள்கிறார் (1 கொரிந்தியர் 11:21).

பவுலே தீமோத்தேயுவைக் குடிக்கச் சொன்னாரே?

"கொஞ்சம் திராட்சரசமும் கூட்டிக்கொள்" என்பது 1 தீமோத்தேயு 5:23. வயிற்றுக்கோளாறும் அடிக்கடி வரும் பலவீனமும் உள்ள ஓர் இளம் ஊழியருக்குச் சொன்ன மருத்துவ ஆலோசனை அது. நல்ல சமாரியன் காயங்களில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்ததைப்போல, அக்காலத்தில் மது மருந்துப் பெட்டியின் ஒரு பகுதி. இந்த வசனத்திலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன: தீமோத்தேயு அதுவரை தண்ணீர் மாத்திரமே குடித்துவந்தார், அதாவது முழுவிலக்கு அன்றே ஊழியர்களிடையே இருந்தது, அந்த விலக்கைப் பவுல் மீறக்கூடாத சட்டமாகக் கருதவில்லை.

இன்று வயிற்றுவலிக்கு மருத்துவர்கள் மதுவைப் பரிந்துரைப்பதில்லை. ஆல்கஹால் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-இலேயே வகைப்படுத்தியது. உடல்நலத்துக்குப் பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க மது அளவே இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்தது. தீமோத்தேயுவின் பெயரால் தினமும் அருந்துகிறவர் இதையும் சேர்த்து வாசிக்கவேண்டும்.

வெறிதான் பாவம் என்றால், எத்தனை கிளாஸ் வரை பாவம் இல்லை?

எண்ணிக்கை கேட்கிறவருக்கு வேதாகமம் எண்ணிக்கை தருவதில்லை. உடல் எடை, வயது, பழக்கம், உண்ட உணவு, உட்கொள்ளும் மருந்து ஆகியவற்றைப் பொறுத்து ஒரே அளவு ஒருவரை ஒன்றும் செய்யாது, இன்னொருவரைத் தள்ளாடவைக்கும். ஆனால் அடையாளங்களை வேதாகமம் தருகிறது. அதிகாலையில் எழுந்து அதைத் தேடுவது, இரவுவரை அதிலேயே தரித்திருப்பது (ஏசாயா 5:11). அடித்தாலும் வலி தெரியாதது, விழித்தவுடன் "நான் அதைப் பின்னும் தொடர்ந்து தேடுவேன்" என்பது (நீதிமொழிகள் 23:35). அடிமைப்படுதலைப் பற்றி இதைவிடத் துல்லியமாக எழுதப்பட்ட பழைய விவரிப்பை நான் வாசித்ததில்லை.

6-ஆம் நூற்றாண்டில் துறவு மடங்களுக்கு ஒழுங்குமுறை வகுத்த புனித பெனடிக்ட் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியிருக்கிறார். மது துறவிகளுக்குரியதே அல்ல என்று நூல்களில் இருந்தாலும் இக்காலத் துறவிகளை அதற்கு இணங்கவைக்க முடியாது என்று ஒப்புக்கொண்டு, நாளொன்றுக்கு ஒரு "ஹெமினா" (ஏறக்குறைய கால் லிட்டர் கொண்ட பழைய ரோம அளவு) போதும் என்று வரையறுத்து, அதையும் விட்டுவிடும் பலம் தேவனால் அருளப்பட்டவர்களுக்குத் தனிப் பலன் உண்டு என்று சேர்த்துக்கொண்டார். அந்தப் பத்தியில் ஒரு பெருமூச்சு கேட்பதாக எனக்குத் தோன்றும். 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இன்னும் கறாராக, வெறிகொள்வோம் என்று தெரிந்தே குடிப்பதைச் சாவான பாவத்தில் சேர்த்தார். எல்லை எங்கே என்று அளந்து, அதன் விளிம்பில் நிற்க விரும்புவதே கவலைப்படவேண்டிய அறிகுறி என்பேன்.

நசரேயர்களும் ஆசாரியர்களும் குடிக்கவில்லையே? அந்தத் தடை நமக்கும் பொருந்தாதா?

ஆசாரியர்களுக்கான தடை, ஆசரிப்புக் கூடாரத்துக்குள் பணிவிடைக்குப் போகும் நேரத்துக்குரியது (லேவியராகமம் 10:9). தன்னைத் தேவனுக்கென்று பிரித்துக்கொள்கிறவர் எடுக்கும் நசரேய விரதம் மதுவை மட்டுமல்ல, காய்ந்த திராட்சை, விதை, தோல் வரை அனைத்தையும் விலக்கியது. விரதம் முடிந்த பிறகு "நசரேயன் திராட்சரசம் குடிக்கலாம்" என்றும் எண்ணாகமம் 6:20 சொல்கிறது. ரேகாபியர் தங்கள் மூதாதையின் சொல்லுக்குக் கீழ்ப்படிந்து தலைமுறைகளாக விலகியிருந்ததை எரேமியா 35 புகழ்கிறது. அதே வழக்கத்தை இஸ்ரவேல் முழுவதற்கும் சட்டமாக்கவில்லை. இவை ஒரு சாராருக்கு, அல்லது ஒரு காலத்துக்கு உரிய அர்ப்பணிப்புகள். இன்று ஒருவர் அப்படி அர்ப்பணித்துக்கொண்டால் அதற்கு வேதத்தில் முன்மாதிரி உண்டு. எல்லோரையும் கட்டாயப்படுத்த அதே பகுதிகளில் ஆதாரம் இல்லை.

எந்தச் சபை என்ன சொல்கிறது?

கத்தோலிக்கத் திருச்சபை மதுவைப் படைப்பின் நன்மைகளில் ஒன்றாகக் கருதி, மட்டுமிதம் என்ற நற்பண்பை வலியுறுத்துகிறது. உணவு, மது, புகையிலை, மருந்து ஆகியவற்றில் மிகையைத் தவிர்க்கவேண்டும் என்றும், குடித்துவிட்டு வாகனம் ஓட்டிப் பிறர் உயிரை ஆபத்துக்குள்ளாக்குவது கடுமையான குற்றம் என்றும் அதன் மறைக்கல்வி நூல் 2290-ஆம் எண்ணில் கூறுகிறது. டிராப்பிஸ்ட் துறவிகள் மடத்துச் சுவர்களுக்குள் பீர் காய்ச்சி அதன் வருமானத்தில் வாழ்வது இந்தத் திருச்சபையில்தான். அயர்லாந்தில் 1838-இல் தியோபால்டு மேத்யூ என்ற குரு பெருந்திரளான மக்களை மதுவிலக்கு உறுதிமொழி எடுக்கவைத்ததும் இதே திருச்சபையில்தான். ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகளும் அளவோடு அருந்துவதை ஏற்கின்றன. நோன்பு நாட்கள் பலவற்றில் மதுவையும் விலக்குகின்றன, ஆனால் சனி, ஞாயிறுகளில் பொதுவாகத் தளர்த்துகின்றன.

சீர்திருத்தத் தலைவர்கள் மதுவுக்கு எதிரிகள் அல்ல. மார்ட்டின் லூத்தரின் மனைவி காத்தரினா வீட்டிலேயே பீர் காய்ச்சினார். ஜெனீவாவில் கால்வினின் ஊதியத்தில் மதுவும் அடங்கியிருந்தது. லுத்தரன், ஆங்கிலிக்கன், பிரெஸ்பிட்டேரியன் சபைகள் பெரும்பாலும் அதே வழியில் நிற்கின்றன. திருப்பம் 18-ஆம் நூற்றாண்டில் வருகிறது. மலிவான ஜின் இங்கிலாந்தின் ஏழைகளை அழித்துக்கொண்டிருந்ததைக் கண்ட ஜான் வெஸ்லி, 1743-இல் வகுத்த பொது விதிகளில், மிகுந்த அவசியமான வேளை தவிர, வடித்தெடுத்த மதுவை வாங்குவதையும் விற்பதையும் அருந்துவதையும் தடைசெய்தார். திராட்சை மதுவையோ பீரையோ அவர் தடைசெய்யவில்லை. அடுத்த நூற்றாண்டின் மதுவிலக்கு இயக்கம்தான் அந்தக் கோட்டை முழுவிலக்குவரை நகர்த்தியது.

அந்த இயக்கத்தின் காலத்தில் உருவான சபைகள் அதன் முத்திரையை இன்றும் தாங்கியிருக்கின்றன. 1863-இல் அமைப்பான ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையும், 1865-இல் வில்லியம், காத்தரின் பூத் தம்பதியர் தொடங்கிய இரட்சணிய சேனையும் முழுவிலக்கை உறுப்பினர்களிடம் எதிர்பார்க்கின்றன. பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலானவையும், பாப்டிஸ்டுகளில் பலரும் இதே நிலையில் உள்ளனர். அமெரிக்கத் தெற்கு பாப்டிஸ்ட் மாநாடு 2006-இல் மதுவுக்கு முற்றான எதிர்ப்பைத் தீர்மானமாகவே நிறைவேற்றியது.

திருவிருந்தில் சில சபைகள் மதுவும் சில சபைகள் சாறும் ஏன் கொடுக்கின்றன?

இயேசுவின் கடைசிப் பந்தியை நினைவுகூரும் திருவிருந்தில், முதல் 18 நூற்றாண்டுகளில் மது என்பதே பொது வழக்கம். மதுவுக்குப் பதிலாகத் தண்ணீர் மட்டும் வைத்த சிலர் இருந்தார்கள்; கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் 3-ஆம் நூற்றாண்டிலேயே அவர்களை மறுத்து நீண்ட கடிதம் எழுதினார். சாறு நுழைந்தது 1869-இல். லூயி பாஸ்டர் கண்டறிந்த வெப்பமூட்டும் முறையை அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் தாமஸ் பிராம்வெல் வெல்ச் என்ற பல் மருத்துவர் திராட்சைச் சாற்றுக்குப் பயன்படுத்தி, அது புளிக்காமல் நிறுத்தினார். அவர் மெதடிஸ்ட் சபையில் திருவிருந்துக்கான பொருட்களைக் கவனித்துவந்தவர். அவருடைய பெயரில் தொடங்கிய வணிகம் பின்னால் பெரிதானது. நோக்கம் முதலில் பந்திதான்.

பஸ்காவில் புளித்தது எதுவும் கூடாது, ஆகவே இயேசு கொடுத்தது புளிக்காத சாறே என்று சிலர் வாதிடுவார்கள். யூத மரபில் அந்தத் தடை தானிய மாவுக்குரியது. பஸ்கா இரவில் நான்கு கிண்ணம் திராட்சை மது அருந்தவேண்டும் என்று யூதரின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவே விதிக்கிறது. அதே வேளையில், சுவிசேஷங்கள் பந்தியின் கிண்ணத்தைக் குறிப்பிடும்போது "திராட்சப்பழரசம்" என்றே தமிழில் இருக்கிறது. கிரேக்கத்தில் "திராட்சைக்கொடியின் கனி" என்ற சொற்றொடர். ஆகையால் கொடியின் கனியிலிருந்து வந்தது போதும் என்று கொள்கிற சபையை நான் குறைகூறமாட்டேன். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்குச் சட்டம் நடப்பில் இருந்தபோதும் வழிபாட்டுக்கான மதுவுக்கு விலக்கு அளிக்கப்பட்டிருந்தது.

குடியை விட்டு மீண்டவன் நான். அந்த ஒரு மிடறு என்னை மறுபடியும் இழுத்துவிடுமோ என்று பயமாயிருக்கிறது. கிண்ணத்தை மறுத்தால் பாவமா?

பாவமல்ல; உங்கள் பயமும் கோழைத்தனம் அல்ல. கத்தோலிக்க உபதேசத்தின்படி அப்பத்தின் வடிவத்தில் மட்டும் பெற்றாலும் கிறிஸ்துவை முழுமையாகவே பெறுகிறீர்கள். மதுவை ஏற்க முடியாத குருக்களுக்கே, ஆயரின் அனுமதியோடு, "முஸ்தும்" எனப்படும், புளிக்கத் தொடங்கியவுடன் நிறுத்தப்பட்ட சாற்றைப் பயன்படுத்த இடமளிக்கப்பட்டிருக்கிறது. மற்றச் சபைகளில் சாறுள்ள தனிக் கிண்ணத்தை முன்கூட்டியே கேட்டு வைக்கலாம். இரட்சணிய சேனையில் திருவிருந்துச் சடங்கே இல்லாததால் அங்கே இந்தச் சிக்கல் எழுவதில்லை.

போதகரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். எல்லோருக்கும் சாறு என்று மாற்றுவதைச் சபை பாரமாக நினைத்தால், அடுத்த கேள்விக்கான பதிலை அவர்களுக்கு வாசித்துக் காட்டலாம்.

"பலவீனமான சகோதரன் இடறாதபடிக்கு" என்கிறார்களே, யார் முகம் சுளித்தாலும் நான் விட்டுவிட வேண்டுமா?

ரோமர் 14-இல் இடறுவது என்பது மனவருத்தப்படுவது அல்ல. ஒருவன் உங்களைப் பார்த்து, தன் மனச்சாட்சி தடுப்பதைத் துணிந்து செய்து விழுந்துபோவதே இடறல். சபையில் பல ஆண்டு மூத்தவர், உங்கள் கையில் கிண்ணத்தைக் கண்டு கோபப்பட்டால் அவர் இடறவில்லை, கடிந்துகொள்கிறார். குடியை விட்டு மூன்று மாதமே ஆன இளைஞன் உங்கள் மேசையில் உட்கார்ந்திருந்தால் அவனே பவுல் சொன்ன சகோதரன். அவனுக்காக விடுவது உங்கள் சுதந்திரத்தின் இழப்பல்ல. அதைச் செலவழிக்கத்தக்க இடம் அதுதான். மாம்சம் புசிப்பதோ மதுபானம்பண்ணுவதோ சகோதரனுக்கு இடறலானால் செய்யாதிருப்பதே நன்மை என்று 21-ஆம் வசனம் சொல்லும்போது அங்கே இருப்பதும் "ஓயினோஸ்" என்ற சொல்தான். இரண்டாவது கேள்வியில் பார்த்ததை நினைவுகூருங்கள்.

நான் விலகியிருப்பதற்கு இதுவே முதன்மையான காரணம். என் மேசையில் உட்காருகிறவர்களில் யார் போராடிக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. பெரும்பாலும் அவர்கள் சொல்வதில்லை. ஆனால் அதே அதிகாரத்தின் 3-ஆம் வசனம் எனக்கும் கடிவாளம் போடுகிறது: புசியாதவன் புசிக்கிறவனைக் குற்றவாளியாகத் தீர்க்கக் கூடாது.

துக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்கலாம் என்று நீதிமொழிகளிலேயே இருக்கிறதாமே?

நீதிமொழிகள் 31:6, மடிந்துபோகிறவனுக்கு மதுபானத்தையும் மனங்கசந்தவர்களுக்குத் திராட்சரசத்தையும் கொடுங்கள் என்கிறது. இது ஒரு தாய் தன் மகனான ராஜாவுக்குச் சொல்வது. முந்திய இரண்டு வசனங்களில், ராஜாக்கள் குடித்தால் நியாயம் புரளும் என்று தடுத்துவிட்டு, அதன் எதிர்முனையாக இதைச் சொல்கிறாள். மரணவேதனைக்கு வேறு மருந்து இல்லாத உலகம் அது. சிலுவையில் அறையுமுன் இயேசுவுக்கு வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசத்தைக் கொடுத்ததும் அந்த வழக்கத்தின் பின்னணியிலேயே விளங்குகிறது. அவர் அதை ஏற்றுக்கொள்ளவில்லை (மாற்கு 15:23). மனச்சோர்வில் இருப்பவருக்கு மது சோர்வைக் கூட்டுமே தவிரக் குறைக்காது என்பதால், இந்த வசனத்தை எடுத்துக்கொண்டு துக்க வீட்டுக்குப் போவது சரியல்ல.

குடிப்பழக்கம் நோயா, பாவமா?

மருத்துவம் அதை நோயாக வகைப்படுத்துகிறது. மூளை மாறிவிடுகிறது, மன உறுதி மட்டும் போதாது என்கிறது. வேதாகமம் குடிவெறியைப் பாவங்களின் பட்டியலில் வைக்கிறது. இவை ஒன்றையொன்று தள்ளவேண்டியதில்லை. முதல் கிண்ணத்தில் தெரிவு இருந்தது. ஆயிரமாவது கிண்ணத்தில் அந்தத் தெரிவில் எவ்வளவு மிச்சம் என்பதைத் தேவன் அறிவார். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சனும் மருத்துவர் பாப் ஸ்மித்தும் தொடங்கிய மறுவாழ்வுக் குழு, கிறிஸ்தவ இயக்கமொன்றின் பாவ அறிக்கை, சீர்பொருந்துதல் ஆகிய பழக்கங்களை எடுத்துக்கொண்டே, குடியை நோய் என்றும் பேசியது.

நடைமுறையில் ஒன்றைக் கட்டாயம் சொல்லவேண்டும். நீண்டநாள் மிகுதியாகக் குடித்தவர் உபவாசக் கூட்டத்தில் உணர்ச்சிவசப்பட்டு ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பும், நினைவு தடுமாறும் ஆபத்தான நிலையும் வரலாம், உயிரே போகலாம். ஜெபத்தோடு மருத்துவரும் வேண்டும். முதல் நாளிலேயே வேண்டும்.

கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார். "பொறுத்துக்கொள், ஜெபம் பண்ணு" என்று மட்டும் சபையில் சொல்கிறார்கள். போய்விடுவது பாவமா?

பாவமல்ல. மனைவிகள் கீழ்ப்படியவேண்டும் என்ற எபேசியர் 5:22-ஐ உங்களுக்கு வாசித்துக் காட்டியிருப்பார்கள். அதற்கு நான்கு வசனம் முன்னால்தான் "மதுபான வெறிகொள்ளாமல்" என்ற கட்டளை இருக்கிறது, மூன்று வசனம் பின்னால் கிறிஸ்து சபைக்காகத் தம்மை ஒப்புக்கொடுத்ததுபோல் மனைவியில் அன்புகூரவேண்டும் என்றும் இருக்கிறது. நடுவில் உள்ள ஒன்றை மட்டும் உங்களிடம் நீட்டுவது நியாயமல்ல.

1 சாமுவேல் 25-இல் அபிகாயில், குடியும் முரட்டுத்தனமும் நிறைந்த தன் கணவன் நாபாலிடம் கேளாமலேயே தன் வீட்டாரைக் காப்பாற்றப் புறப்பட்டாள். அவன் வெறித்திருந்த இரவில் அவனோடு ஒரு வார்த்தையும் பேசாமல் பொழுதுவிடியக் காத்திருந்தாள். வேதாகமம் அவளைப் புத்திசாலி என்கிறது. சவுல் ஈட்டியை எறிந்தபோது தாவீது விலகி ஓடினான். நீங்களும் பிள்ளைகளும் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், நம்பத்தக்க ஒருவரிடம் சொல்லுங்கள், தேவைப்பட்டால் காவல்துறையை நாடுங்கள். அவருக்காக ஜெபிப்பதை அங்கிருந்தும் செய்யலாம்.

மது விற்கும் இடத்தில் வேலை பார்க்கலாமா?

நெகேமியா பெர்சிய அரசனின் பானபாத்திரக்காரனாக இருந்தார். அதற்காக அவர் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. மறுபக்கம், தன் தோழனுக்குக் குடிக்கக்கொடுத்து வெறிக்கப்பண்ணுகிறவனுக்கு ஐயோ என்கிறது ஆபகூக் 2:15. உணவகத்தில் பரிமாறும் ஊழியருக்கும், தள்ளாடுகிறவனுக்கு இன்னொன்றை ஊற்றி லாபம் பார்க்கும் முதலாளிக்கும் இடையே வேறுபாடு உண்டு. வேறு வேலை கிடைக்காத ஒருவரைப் பந்தியிலிருந்து தள்ளுவதற்கு முன், அவருக்கு வேறு வேலை தேடிக்கொடுக்கச் சபை முயலட்டும்.

கேக்கிலும் இருமல் மருந்திலும் ஆல்கஹால் இருக்கிறதே?

மருந்து மருந்துதான், ஐந்தாவது கேள்வியில் அதற்கான நியாயம் இருக்கிறது. சமைக்கும்போது ஆல்கஹால் பெரும்பகுதி ஆவியாகும், முழுவதும் போய்விடாது. முழுவிலக்கு உறுதிமொழி எடுத்தவரும், மீண்டுவருகிறவரும் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. மற்றவர்கள் இதில் அதிக நேரம் செலவழிக்கவேண்டாம்.

குடிகாரர் தேவனுடைய ராஜ்யத்தைச் சுதந்தரிப்பதில்லை என்று இருக்கிறது. என் அப்பா குடியிலேயே இறந்துபோனார். அவர் எங்கே இருக்கிறார்?

நீங்கள் சொல்வது 1 கொரிந்தியர் 6:10. அந்தப் பட்டியலில் குடிகாரர் மட்டும் இல்லை. பொருளாசைக்காரரும், உதாசினரும், அதாவது பிறரைத் திட்டுகிறவரும் அதே வரிசையில் நிற்கிறார்கள். எந்த இறுதிச் சடங்கிலும் பொருளாசைக்காரரைப் பற்றி இந்தக் கேள்வி எழுந்து நான் கேட்டதில்லை. வசனத்தின் எச்சரிப்பு உண்மையானது, அதை நான் மெலிதாக்கமாட்டேன். ஆனால் அது உயிரோடிருக்கிற கொரிந்தியரைத் திருப்புவதற்காக எழுதப்பட்டது, இறந்துபோன ஒருவர்மேல் நாம் தீர்ப்பு எழுதுவதற்காக அல்ல. அடுத்த வசனமே, "உங்களில் சிலர் இப்படிப்பட்டவர்களாயிருந்தீர்கள்" என்று தொடங்கி, கழுவப்பட்டீர்கள் என்று போகிறது.

உங்கள் அப்பாவுக்குள் நடந்த போராட்டத்தில் நீங்கள் கண்டது ஒரு பகுதி. எத்தனை முறை விட முயன்றார், கடைசி இரவில் என்ன சொல்லி அழுதார் என்பதெல்லாம் உங்களுக்கும் எனக்கும் மறைவானவை. சிலுவையில் அருகிலே தொங்கிய கள்ளனுடைய ஒரே வாக்கியத்தைக் கேட்ட இயேசுவிடம் உங்கள் அப்பா இருக்கிறார். நியாயத்தீர்ப்பும் இயேசுவுடையதே, உங்களுடையதல்ல.